ஒரு சாண் உயர்ந்த கல்

"மேடம், அந்த அரிவாள் கிடைச்ச அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அதை அப்படியே ஃபீல் பண்ணி எழுதிக் குடுத்துடுங்க. மலர்ல முதல் கட்டுரையே உங்களுதுதான்."

போனில் சுமதி. என்னிடம் படித்தவள், இப்போது எங்கள் தொல்லியல் துறைக்குத் தலைவி. துறைக்கு ஏதோ விழாவாம், மலர் போடுகிறார்களாம். எனக்கு வருகிற போன்களில் பாதி 'லோன் வேணுமா மேடம்', மீதி ராங் நம்பர். அதனால் திரையில் சுமதியின் பெயரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப் போய் எடுத்தேன். அவள் பேசியது நான்கு நிமிடம் இருக்கும். அவள் வைத்த பிறகும் போனைக் காதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நடந்தது அதுதான்.

சரி, எழுதுகிறேன். ஆனால் சுமதி கேட்ட கேள்விக்குப் பதிலைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை யாரும் படிக்க மாட்டீர்கள்.

மீஞ்சூர்தான் எனக்குச் சொந்த ஊர். அம்மா ஊரான் வயலில் நடவு நட்டு, களை பறித்து என்னைப் படிக்கவைத்தாள். நான் தொல்லியல் எடுத்திருக்கிறேன் என்றதும் அது என்ன படிப்பு என்று கேட்டாள். மண்ணைத் தோண்டிப் பழைய சாமான்களை எடுப்பது என்றேன். "அடிப்பாவி! மண்ணை வுட்டுப் போய்த் தொலையட்டும்னு படிக்க வச்சா, படிச்சிட்டுப் போயி மண்ணுதான் தோண்டப் போறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எம்.ஏ., ஆராய்ச்சிப் பட்டம், நடுவில் ஒரு டைஃபாய்டு, வராத ஸ்காலர்ஷிப் இதெல்லாம் எல்லோருக்கும் உள்ள கதைதான், விடுங்கள். கல்யாணம் நடக்கவில்லை. வருஷத்தில் நாலு மாதம் ஆண்களோடு கூடாரம் போட்டுத் தங்குகிற பெண்ணை அந்தக் காலத்தில் யார் கேட்டு வருவார்கள்? வந்த ஒருத்தரும், வேலையை விட்டால் சரி என்றார். நான் அவரை விட்டேன்.

சிவஞானம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வழிகாட்டி, அப்போது துறைத் தலைவர். அவர் யாரையும் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, நம்மைப் பார்க்காமல் குழியைப் பார்ப்பார். களத்தில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான். மழை பட்டால் மை கரையும், பென்சில் கரையாது. ஆனால் பென்சில்தானே என்று ரப்பரைக் கையில் எடுத்தால் தொலைந்தோம். தப்பாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் என்ன எழுதியிருந்தது என்பது தெரிய வேண்டும். பக்கத்தில் முதலெழுத்து, தேதி. அவ்வளவுதான் திருத்தம்.

"தப்பு தெரியணும்மா. அழிச்சிட்டா அது நடக்கவே இல்லைன்னு நமக்கே நம்பிக்கை வந்துடும்" என்பார்.

தினமும் சாயங்காலம் களக் குறிப்பேட்டை நீட்டுவோம். பக்கம் பக்கமாகப் படித்து, அடியில் கையெழுத்துப் போடுவார். போடுவதற்கு முன் தவறாமல் ஒரு கேள்வி: "ரெண்டாவது புள்ளியோட ஒத்துப் பார்த்தாச்சா?"

இதைப் புரியவைக்காமல் மேலே போக முடியாது. இப்போது பிள்ளைகள் ட்ரோன் விடுகிறார்கள், கருவியைத் தட்டினால் அளவு தானாக வந்துவிடுகிறது. அப்போது எங்களுக்குக் கயிறும், ரசமட்டமும், அளவு நாடாவும்தான். மேட்டு நிலத்தில் தரை சரிவாக இருக்கும். தரையிலிருந்து ஆழத்தை அளந்தால் ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு கணக்கு வரும். அதனால் அசையாத ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போடுவோம். எந்தக் குழியில் எது கிடைத்தாலும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே என்றுதான் அளப்போம். அந்தக் கல்லே அசைந்துவிட்டால்? அதற்குத்தான் தள்ளி இன்னொரு இடத்தில் இரண்டாவது புள்ளி. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. நூறு நாள் பார்த்தால் நூறு நாளும் சரியாகவே இருக்கும். அதனால்தான் நூற்றியோராவது நாள் சோம்பல் வருகிறது.

எளாவூருக்கு மேற்கே ஒரு மேடு இருந்தது. உழுதால் பானை ஓடாக வரும், அதனால் ஊர்க்காரர்கள் பானைமேடு என்பார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். பானைமேட்டையும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் அவகாசம் வாங்கி, எங்கள் துறை அவசர அவசரமாகத் தோண்ட இறங்கியது. சார் சென்னையிலிருந்து வந்து வந்து போவார். களத்துக்குப் பொறுப்பு நான். முதல் தடவையாகத் தனிப் பொறுப்பு. மேட்டின் ஓரத்தில் நின்ற பழைய எல்லைக் கல்தான் எங்கள் அளவுக் கல். கொஞ்சம் தள்ளி இருந்த பம்புசெட் அறையின் படிக்கட்டு இரண்டாவது புள்ளி.

வேலைக்குப் பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்தார்கள். கன்னியம்மா அவர்களில் ஒருத்தி. அவளுக்கும் என் வயசுதான் இருக்கும். மற்றவர்கள் மண் சுமந்தார்கள், அவளிடம் நான் கரணையைக் கொடுத்தேன், குழிக்குள் மண்ணைச் சுரண்டி எடுக்கிற வேலை. அது எல்லோருக்கும் வராது. கையை அழுத்தினால் பானை உடையும், அழுத்தாவிட்டால் பொழுது போய்விடும். இரண்டே நாளில் அவளுக்குப் படிந்துவிட்டது. மண்ணின் நிறம் மாறுகிற இடத்தில் கரணையை நிறுத்திவிட்டு, "டீச்சரம்மா, இங்க மண்ணு வேற மாதிரி பேசுது" என்று கூப்பிடுவாள். என் மாணவர்கள் மூன்று பேருக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் வாய்! காலை முதல் மாலை வரை ஓயாது. யார் வீட்டுக் கோழி, யார் மாமியார், யார் எங்கே யாரோடு சிரித்தது என்று எல்லா விவரமும் குழியிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது குழியில், சிவப்புக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் அடுப்பு எரித்த இடம் கிடைத்தது. நல்ல கரித்துண்டுகள். காலம் கணிக்க அனுப்பலாம் என்று எடுத்து வைத்தோம். அதற்குப் பிறகு மூன்று நாள் விடாத மழை. பக்கத்து நிலத்தில் கம்பெனிக்காக மண் நிரவிக்கொண்டிருந்த ஜேசிபி மட்டும் நடுநடுவே உறுமிக்கொண்டிருந்தது. நாங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முடங்கிக் கிடந்தோம். அவகாசம் முடிய ஆறு நாள்தான் இருந்தது.

நான்காம் நாள் வெயில் அடித்தது. குழிகளில் தண்ணீர். சுவர் வழிந்து, மண் நிறமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே குழம்பு. எந்த அடுக்கு எங்கே முடிகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, நாடா சொல்வதுதான் கணக்கு. அப்படிப்பட்ட நாளில்தான் புள்ளியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. தண்ணீர் இறைக்க ஆள் பிரித்து விடுவதிலேயே மணி ஒன்பது ஆகிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பத்தரை மணிக்கு நான்காவது குழியில் கன்னியம்மாவின் கரணை நின்றது. "டீச்சரம்மா, இரும்பு!" என்றாள். குனிந்து பார்த்தேன். துருப்பிடித்து, மண்ணோடு மண்ணாக, ஆனால் வளைவு குலையாமல் ஓர் அரிவாள். கயிற்றைக் கட்டி, ரசமட்டம் வைத்து, நாடாவை இறக்கினேன். ஒரு மீட்டர் முப்பத்திரண்டு. அடுப்பு எரிந்த அதே மட்டம்! அந்தக் கரி எவ்வளவு பழசோ அந்த அரிவாளும் அவ்வளவு பழசு. அந்த ஆழத்தில் இரும்பை யாருமே எதிர்பார்த்திருக்கவில்லை. மாணவர்கள் கை தட்டினார்கள். ஒருத்தன் விசில் அடித்தான்.

கன்னியம்மா மட்டும் குழிக்கு மேலே ஏறி நின்று கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க. கல்லுக்கு உள்பாவாட தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி. நெசமாத்தான். கல்லு மேல வந்துகீது. கீழ மண்ணு கறை ஒரு சாணு தெரியுது பாருங்க. இத்தினி நாளு அது உள்ள இருந்திச்சி. மழையில அந்த ஜேசிபி உரசி கல்லு சாஞ்சிப்போச்சி. டிரைவரு பயந்துக்கினு நிமித்தி நட்டுட்டுப் போனாரு. எங்க ஊட்டுக்காரு பார்த்துக்கினு இருந்தாரு."

இதைவிடத் தெளிவாக ஒருத்தர் சொல்ல முடியாது. எனக்குக் காது நன்றாகவே கேட்டது, விஷயமும் புரிந்தது. கல் ஒரு சாண் மேலே வந்திருந்தால் என் அளவும் ஒரு சாண் பொய். அரிவாள் அடுப்பு மட்டத்தில் இல்லை, அதற்கு மேலே, பின்னால் வந்த காலத்தில். அப்படியானால் அது எங்கும் கிடைக்கிற சாதாரண அரிவாள். அரை மணி நேரம் செலவழித்துப் படிக்கட்டோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தை நினைத்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் கத்தினேன். "உன் வேலை என்னவோ அதைப் பாரு. நாலு வருஷம் இதைப் படிச்சது நீயா நானா? வாயை மூடு!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். சொன்ன சொல்லில் ஒன்று, என் அம்மாவை வயல்காரர் சொல்லக் கேட்டு நான் சின்ன வயசில் அழுத சொல். அது என் வாயிலிருந்தே வந்தது. கன்னியம்மா குழியில் இறங்கிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் வாயைத் திறக்கவே இல்லை.

மத்தியானம் குறிப்பேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதினேன்: 'காலை: அளவுக் கல் இரண்டாவது புள்ளியோடு ஒத்துப் பார்க்கப்பட்டது. சரி. எஸ்தர்.' அதற்குக் கீழே அரிவாள், ஆழம், படம்.

சாயங்காலம் சார் வந்தார். அரிவாளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குறிப்பேட்டைப் படித்தார். பென்சிலை எடுத்தார். வழக்கம் போலக் கேட்டார்.

"ரெண்டாவது புள்ளியோட ஒத்துப் பார்த்தாச்சாம்மா?"

"பார்த்தாச்சு சார்."

கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் கயிற்றையும் ரசமட்டத்தையும் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டும். மிச்சமிருந்த நாட்களில் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கன்னியம்மாவிடமிருந்து கரணையை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்து, அவளை மண் அள்ளும் இரும்புச் சட்டியான பாண்டைச் சுமக்கச் சொன்னேன். அரை நாள் சுமந்தாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. அவகாசம் முடிந்தது, நாங்கள் மூட்டை கட்டினோம். அடுத்த மாதம் அங்கே அஸ்திவாரம் போட்டார்கள்.

கரியின் காலக் கணிப்பு வந்தபோது துறையே ஆடிப்போனது. நினைத்ததைவிடச் சில நூற்றாண்டு பழசு. கட்டுரை வந்தது, பேப்பரில் படம் வந்தது. அரிவாள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தது. நான் ரீடர் ஆனேன், பிறகு பேராசிரியர். போகிற இடமெல்லாம் 'அரிவாள் மேடம்'. அம்மா பேப்பர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். எனக்கும் நாளாவட்டத்தில் அன்று காலை புள்ளியைப் பார்த்தோம் என்றே ஒரு நினைப்பு வந்துவிட்டது. சார் சொன்னது சரிதான்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, பானைமேட்டைப் பற்றிப் புத்தகம் போடுவதற்காகப் பழைய போட்டோக்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். மழைக்கு முந்தின படம் ஒன்று, பிந்தின படம் ஒன்று. இரண்டிலும் ஓரத்தில் அளவுக் கல். முதல் படத்தில் கல் முழுக்க வெயில் பட்டு வெளுத்திருந்தது. இரண்டாவது படத்தில் வெளுப்புக்குக் கீழே இருட்டாக ஒரு பட்டை, மண் கறை. ஸ்கேல் வைத்து, கல்லின் உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டேன். ஒரு சாண். கத்தரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீஞ்சூரில் ரயிலேறி பேசின் பிரிட்ஜில் மாறி, கடம்பத்தூரில் போய் இறங்கினேன். சார் ஓய்வு பெற்று அங்கேதான் இருந்தார். உடம்பு ஒடுங்கியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அரிவாள் கட்டுரையின் பிரதி கிடந்தது, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. இரண்டு படங்களையும் அவர் மடியில் வைத்தேன். அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"நான் கேட்டேனேம்மா."

"ஆமா சார்."

"பார்த்தாச்சுன்னியே."

"பார்க்கல சார்."

குறிப்பேடு கொண்டுவந்திருக்கிறாயா என்றார். துறையில் ஒப்படைக்க வேண்டிய குறிப்பேடு அது, ஒப்படைக்காமல் நானே வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினார். தலையணைப் பக்கத்திலிருந்து பென்சிலை எடுத்து, தன் கையெழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். முதலெழுத்து, தேதி. பிறகு பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

எதற்கு என்று எனக்குத் தெரியும். 'ஒத்துப் பார்க்கப்பட்டது. சரி. எஸ்தர்' என்ற வரி அப்படியே இருந்தது. பென்சிலை வாங்கினேன். வாங்கி, மேஜை மேலிருந்த டம்ளரில் போட்டுவிட்டு, குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். துறைத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருந்த சமயம் அது. எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. இதற்கு மேல் இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் திருத்தம் எழுதினேன், இரண்டு பக்கத்தில். 'மண் நிரவும் பணியின்போது அளவுக் கல் இடம்பெயர்ந்திருக்கலாம் எனப் பின்னர் தெரியவந்துள்ளது. ஆகவே அரிவாளின் காலம் மறுபரிசீலனைக்குரியது.' எவ்வளவு கௌரவமான வாக்கியம் பாருங்கள்! குற்றமெல்லாம் ஜேசிபியினுடையது. நான் பார்க்கவில்லை என்பதும், பார்த்ததாக எழுதினேன் என்பதும், ஒருத்தி அன்றைக்கே சொன்னாள் என்பதும் அதில் இல்லை.

அந்தத் திருத்தத்தை இரண்டு பேர் படித்திருப்பார்கள், அதில் ஒருத்தர் அச்சுப்பிழை பார்த்தவர். இன்று வரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது பழைய கட்டுரையைத்தான். அருங்காட்சியகப் பலகையை மாற்றச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன், பலகை அப்படியே இருக்கிறது. துறையில் மட்டும் விஷயம் பரவியது. "நம்ம பெருமையை நீங்களே கெடுத்துட்டீங்களே மேடம்" என்று ஒருத்தர் முகத்துக்கு நேராகக் கேட்டார். மற்றவர்கள் கேட்கவில்லை, ஆனால் நான் டீ குடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்தால் எதிரே யாரும் உட்காரவில்லை. ஓய்வு பெறும் வரை என் மதியச் சாப்பாடு பானை ஓடுகள் அடுக்கி வைத்த அறையில்தான், அந்த ஓடுகளோடுதான்.

சாரைப் பார்க்க அப்புறம் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? இரண்டு வருஷத்தில் அவர் காலமானார். சாவு வீட்டில் கடைசி வரிசையில் நின்றேன். அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா வரவே இல்ல? ஞாயித்துக்கிழமையானா, எஸ்தர் வந்தாளா எஸ்தர் வந்தாளான்னு கேட்டுட்டே இருந்தார்" என்றார். அவர் என்னை ஒதுக்கவில்லை. டம்ளரில் போட்ட பென்சிலை நான் வந்து எடுப்பேன் என்று இருந்திருக்கிறார். அன்றைக்கு ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் பூ விற்கிற அம்மா ஒருத்தி, "யாரு கண்ணு, அப்பாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போது சுமதியின் போனுக்கு வருகிறேன். கட்டுரை எழுதுமுன் இடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போன வாரம் கிளம்பினேன். பையில் குறிப்பேடும், இரண்டு போட்டோவும். கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனேன். பானைமேடு இருந்த இடத்தில் மதில் சுவரும் பெரிய கேட்டும் இருந்தன. இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனி. லாரிகள் வரிசையாக நின்றன. கேட்டுக்கு எதிரில் தகரம் போட்ட நாஷ்டா கடை ஒன்று. பம்புசெட் அறை எங்கே இருந்திருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"டீச்சரம்மாதானே நீ? தலைய குனிஞ்சிக்கினு வர்றத பார்த்தே சொல்லிட்டேன். இன்னும் அப்பிடியேதான் நடக்கறியா?"

கடைக்குள்ளிருந்து குரல். தலை முழுக்க நரைத்திருந்தது, வாய் மட்டும் அதேதான்.

"கன்னியம்மாவா?"

"பின்ன, அவ ஆவியா? குந்து."

அன்றைக்கு 'நீங்க' என்றவள், இப்போது 'நீ' என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. என்னை நீ என்று கூப்பிட ஊரில் யாரும் மிச்சமில்லை. தட்டில் மூன்று இட்லி வைத்தாள்.

"இன்னா இப்பிடி எளைச்சிப் போய்ட்ட? ஊட்டுல யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல."

"யாருமேவா?"

"யாருமே."

இன்னொரு இட்லி வைத்தாள். லாரி டிரைவர்கள் இரண்டு பேர் சாப்பிட்டுப் போகும் வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். "அன்னிக்கு நீ சொன்னது சரி, கன்னியம்மா."

"எது?"

"கல்லு மேல வந்திருக்குன்னு சொன்னியே."

அவள் சிரித்தாள். "அதான் எனக்கு அன்னிக்கே தெரியுமே! நீ வந்து சொல்லித்தான் தெரியணுமா?"

போட்டோக்களைக் காட்டினேன். இருட்டுப் பட்டையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். "கல்லு கீது. குழி கீது. நாங்கள்லாம் எங்க?"

"போட்டோ எடுக்கும்போது ஆளுங்களை வெளிய அனுப்பிடுவோம். ஆள் நின்னா குழி மறையும்."

"நல்லாத்தான் கீது" என்றாள்.

ஏன் அப்புறம் வேலைக்கு வரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கரணைய புடுங்கிட்டு பாண்டு தூக்கச் சொன்னியே. எனக்கு அந்த வேல புடிச்சிருந்திச்சி டீச்சர். மண்ண தடவித் தடவி எடுக்கறது. வூட்டுல போய்ப் படுத்தாக்கூட கை அதேமாறி போய்க்கினு இருக்கும். பாண்டுதான் தூக்கணும்னா கம்பெனி கட்டற எடத்துலயே தூக்கலாம்னு போய்ட்டேன். இதோ, இந்தக் கம்பெனிக்குக் கடக்கால் தோண்டனதே நாங்கதான்."

"தோண்டும்போது ஏதாவது..."

"எம்மாம் பானை தெரியுமா! ஆளு ஒசரத்துல ஒண்ணு. உள்ள எலும்பு. அது பக்கத்துல அருவா, கத்தி எல்லாம் கெடந்திச்சி. எல்லாத்தையும் ஒடைச்சி லாரில ஏத்தி வுட்டானுங்க. எனக்கு மனசு கேக்கல. உன்கிட்ட வந்து சொல்லலாம்னுதான் நெனச்சேன்." அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கத்துவியேன்னு வுட்டுட்டேன்."

நான் நாற்பது வருஷம் தேடியது, பழைய தாழியோடு சேர்ந்து கிடந்த இரும்பு, அந்தக் கடக்காலில் வந்திருக்கிறது. பார்த்தவளுக்கு அது என்னவென்று தெரியும். சொல்ல வேண்டிய ஆளும் தெரியும். அந்த ஆள் வாயை மூடு என்று சொல்லியிருந்தாள். கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். "தப்பு பண்ணிட்டேன் கன்னியம்மா" என்றேன்.

"சர்தான் வுடு. பேஜாரு பண்ணிக்காத. தண்ணி குடி."

அவள் சொன்னதை எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன். எழுதிக்கோ என்றாள். குறிப்பேட்டை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்தேன். அந்தப் பக்கத்தில் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

"இது யாரு பேரு, கோடு போட்டுகீது?"

"பெரிய சார் பேரு. அவரே அடிச்சாரு."

"எதுக்கு?"

"தப்புன்னு தெரிஞ்சதும் அடிச்சிட்டாரு."

அவள் விரல் பக்கத்தின் மேலே போனது. மெதுவாக ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். "ஒத்துப்... பார்க்கப்... பட்டது. சரி. எஸ்... தர்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது நீதானே? இதை ஏன் இன்னும் யாரும் அடிக்கல?"

கேலியில்லை, கோபமுமில்லை. தெரியாமல்தான் கேட்டாள். பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தேன். அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு. முதலெழுத்து, தேதி. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குக் கீழே, கல் ஒரு சாண் உயர்ந்திருந்ததை அன்று காலையே கவனித்துச் சொன்னவர் என்று எழுதிப் பென்சிலை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, க-வில் தொடங்கிப் பெயரை முழுசாக எழுதினாள். அதற்குள் யாரோ சட்னி கேட்டார்கள், போய்விட்டாள்.

சுமதி, இத்துடன் குறிப்பேட்டையும் அனுப்புகிறேன். இது துறையின் சொத்து. நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் படமாக எடுத்துக் கட்டுரையோடு போடு. போட முடியாது என்றால் கட்டுரையையும் போட வேண்டாம்.

அரிவாள் கிடைத்த அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டாய். கன்னியம்மா வாயை மூடினால் போதும் என்று இருந்தது. மூடிவிட்டாள்.